அக்காவுக்கு மட்டும் அனுப்பிய குரல்பதிவு

1

இதை எழுதுவதற்கு என் மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சும்மா தலையாட்டிக் கொடுத்த அனுமதி இல்லை. பிரான்சில் பிறந்து வளர்ந்த பெண் என்பதால் மூன்று நிபந்தனைகள் போட்டாள். அவளுடைய உண்மைப் பெயரை எழுதக் கூடாது. அவளுக்கு வந்த நோயின் பெயரை எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும், எதை அடிக்கச் சொன்னாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அடிக்க வேண்டும். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

அவளுக்கு மலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நோயைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம். உயிருக்கு ஆபத்தில்லாதது, மருந்துக்கு அடங்குவது. ஆனால் கல்யாண வயதை நெருங்கும் பெண்ணுக்கு அது இருக்கிறது என்றால் நம் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். இதைப் படிக்கப்போகிற விழுப்புரம், திண்டிவனம் சொந்தக்காரர்கள் பலருக்கு அது என்னவென்று ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரிந்தது என்று நான் துப்பறிந்த கதைதான் இது. "எல்லாருக்கும் தெரிஞ்சது தெரிஞ்சிடுச்சு, எப்படித் தெரிஞ்சுதுன்னும் தெரியட்டும்" என்றுதான் மலர் சம்மதித்தாள்.

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அதையொட்டி மருத்துவமனையில் ஒரு படிவம் நீட்டினார்கள். அந்தப் படிவம் வராமல் இருந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

நான் இங்கே வந்தது தொண்ணூற்று மூன்றில். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தவன். விழுப்புரத்துக்காரனுக்குப் புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம். அங்கே மாப்பிள்ளையானதும் பாரிஸ் புறநகரும் பக்கத்தூர் மாதிரி ஆகிவிட்டது.

வந்த புதிதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது தரையில் போட்டிருந்த ஒரு மஞ்சள் கோடு. மருந்துக்கடை, தபால் நிலையம், வங்கி, எங்கே போனாலும் கவுன்டருக்கு இரண்டு முழம் தள்ளி அந்தக் கோடு இருந்தது. முன்னால் இருப்பவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் அதற்குப் பின்னால் நிற்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் வாங்கிப் பழகியவன் நான். முன்னால் நிற்பவர் தோளில் தாடை படாத குறையாக நின்றால்தான் அங்கே வரிசை. கொஞ்சம் இடம் விட்டால் நாலு பேர் புகுந்துவிடுவார்கள். முன்னால் இருப்பவர் படிவத்தைத் தப்பாக நிரப்பினால் பின்னால் இருப்பவர் எட்டிப் பார்த்துத் திருத்துவார், எந்த ஊருக்குப் போகிறார், எதற்குப் போகிறார் என்றும் தெரிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தில் மருந்துக்கடையில் ஒரு வயதான அம்மாவின் பின்னால் போய் ஒட்டி நின்றேன். அவர் மருந்துச் சீட்டைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கைப்பையைப் பறிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பையைவிடச் சீட்டை அவர் பத்திரமாகப் பிடித்திருந்தது பிறகுதான் உறைத்தது.

குடியிருப்பு அட்டைக்குப் போன இடத்தில் இன்னொரு கூத்து. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, இன்ஷியல்தான் உண்டு என்றேன். இன்ஷியல் யாருடையது? அப்பாவுடையது. அதை முழுதாக எழுது. கோவிந்தசாமி என்று எழுதினேன். (இதுவும் மாற்றிய பெயர்தான்.) அன்றிலிருந்து தொழிற்சாலையிலும் வங்கியிலும் எல்லாரும் என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மலரும் கோவிந்தசாமிதான். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இந்தப் பெயர் பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறது, அதனால்தான் சொன்னேன்.

3

என் அக்காவை விழுப்புரத்தை அடுத்த காணையில் கட்டிக்கொடுத்திருந்தது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டவுன் பஸ் பிடித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு வருவாள். பதினொரு மணிக்கு நான் இங்கிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிடுவேன். கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும் என்று அவள் திறந்தே வைத்திருப்பாள். பூத்துக்காரர், "தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பது எனக்கே கேட்கும். அக்கா என்னிடம் கேட்பாள், நான் ஆயிற்று என்பேன், அவள் திரும்பி அவரிடம் சொல்வாள், காத்திருந்த நாலைந்து பேரும் சந்தோஷப்படுவார்கள்.

கடிதமும் அப்படித்தான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடிதம் வந்தால் பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து உரக்கப் படிப்பார், அவள் மாமியார் வீட்டார் சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே கேட்பார்கள். இது தெரிந்துதான் நானும் எழுதுவேன். எங்களுக்கு முதல் குழந்தை தங்காமல் போனபோது அதை எழுதவில்லை. குளிரைப் பற்றி எழுதி, நலமாக இருக்கிறோம் என்று எழுதி, "மற்றவை நேரில்" என்று முடித்தேன். எல்லாரும் போடுகிற வழக்கமான வரிதான் அது, வாத்தியார் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்திருப்பார். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள் அக்கா என்னைக் கரும்புக் கொல்லைப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "நேர்ல சொல்றேன்னு எழுதியிருந்தியே, என்னடா அது?" என்று கேட்டாள்.

இரண்டு வருடம் அந்த ஒரு வரியை அவள் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று கொல்லையில் நான் அழுததற்கு அதுவும் ஒரு காரணம்.

4

பிறகு செல்போன் வந்தது, அது பெரிய போனாகவும் ஆயிற்று. அக்கா மகன் கதிர் விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், அவன் வாங்கிக் கொடுத்தான். எல்லாரும் வைத்திருக்கிற அந்தச் செயலியில் குரல்பதிவு என்று ஒன்று இருக்கிறதே, அது என் அக்காவுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும். ஆலைக்காரன் கரும்பு வெட்ட உத்தரவு தராதது, கண்டாச்சிபுரம் சந்தையில் ஆடு வாங்கியது, எல்லாம் எனக்கு ரயிலில் வேலைக்குப் போகும்போது காதில் வந்துவிடும்.

ஒருநாள் அந்தச் செயலியில் மஞ்சள் கட்டத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும், கம்பெனிக்காரர்கள்கூட, இனி எதையும் படிக்கவோ கேட்கவோ முடியாது என்று. எனக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் தூக்கம் வராது. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற ஒரு நண்பனைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். உன் போனிலேயே பூட்டிவிடும், பெறுகிறவர் போனில் உள்ள சாவிக்குத்தான் திறக்கும், நடுவில் யார் கையில் கிடைத்தாலும் உடைக்க முடியாத பெட்டிதான் என்றான். அதை நான் பெருமையோடு அக்காவுக்குச் சொன்னேன்.

"யாருக்குமே கேக்காதுன்றியே, அப்ப எனக்கு மட்டும் எப்டிடா கேக்குது?" என்று கேட்டாள்.

சாவி உன் போனுக்குள் இருக்கிறது என்று விளக்கினேன். "அந்த போனு எங்க என்கிட்ட இருக்குது, பாதி நேரம் ஊரே வெச்சி நோண்டிக்கினு இருக்குது" என்றாள். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் இலை உதிர்கிற காலத்தில் மலருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் சோதனைகள் முடிந்து டாக்டர் எங்களை உட்கார வைத்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன் மலர் பக்கம் திரும்பி, உன் அப்பா உள்ளே இருக்கலாமா என்று கேட்டார். பதினாறு வயதுப் பெண்ணிடம், என்னை வைத்துக்கொண்டே. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மலர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றாள்.

5

மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களைப் பற்றி இந்த இடத்தில் எழுதியிருந்தேன். மலர் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

6

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மத்தியானம், கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அக்காவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நோயின் பெயரைச் சொன்னேன், அது எப்படி வந்தது, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை எத்தனை வருடம், எல்லாம் சொன்னேன். நடுவில் அழுதேன். யாராவது அழக் கேட்டால் தேவலை என்றிருந்தது, அக்காவை விட்டால் எனக்கு யார். கடைசியில், "யாருகிட்டயும் சொல்லாதக்கா" என்று முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து மலர் தன் போனை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் படம் போடுகிற அந்த இன்னொரு தளத்தில் அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால் அவளால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. எழுதியவள் திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிற பெண், என் பெரியப்பா வீட்டு வழியில் எனக்கு மகள் முறை. மலர் அவளைப் பார்த்ததே கிடையாது. "ஹாய் மலர், உங்களுக்கு" என்று தொடங்கி, நோயின் பெயரைச் சரியாகப் போட்டு, "கேள்விப்பட்டோம், பயப்படாதீங்க, எங்க தெருல ஒரு அக்காவுக்கும் இருந்துச்சு, கல்யாணம் ஆனதும் சரியாயிடுச்சு" என்று எழுதியிருந்தாள். முடிவில் கூப்பிய கைகளின் படம் மூன்று.

கோபம் வந்தால் மலருக்குத் தமிழ் போய்விடும். பிரெஞ்சில் படபடவென்று கொட்டுவாள், பாதி எனக்குப் புரியாது, அது ஒருவிதத்தில் வசதிதான். அன்று அவள் தமிழிலேயே பேசினாள், நான் ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்பது போல நிதானமாக.

"டாக்டர் என்னைக் கேட்டாரு, நீ உள்ள இருக்கலாமான்னு. நான் சரின்னு சொன்னேன். நீ என்னைக் கேட்டியாப்பா?"

அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன் என்றேன். அந்த "மட்டும்" எனக்கே நன்றாக இல்லை.

7

பழியைக் கம்பெனிக்காரன் மேல் போடத்தான் எனக்கு முதலில் ஆசை. பூட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே ஒட்டுக் கேட்கிறான் என்று தீர்மானித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு வழியும் யோசித்தேன். எனக்கு இந்த நாட்டில் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளைப் போனுக்கு எதிரில் சொல்லிக்கொண்டே இருப்பது, விளம்பரம் வருகிறதா என்று பார்ப்பது. மூன்று நாள் காலையும் மாலையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மல்லாட்டை வேணும், நல்ல மல்லாட்டை எங்க கிடைக்கும், ரெண்டு மூட்டை மல்லாட்டை" என்று பேசினேன். என் மனைவி டாக்டரிடம் எனக்கும் நாள் குறிக்கலாமா என்று கேட்டாள். நாலாம் நாள் வந்த விளம்பரம் குளிர்கால டயருக்கானது. நம் பக்கத்துப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லையோ என்று பிரெஞ்சிலும் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் டயர்தான்.

என்னோடு பேசாமல் இருந்த மலருக்கே பொறுக்கவில்லை. என் போனை வாங்கி ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். படம் போடுகிற அந்தத் தளத்தில் சேர்ந்தபோது, உங்கள் போனில் உள்ள எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டதாம், நான் சரி என்று அழுத்தியிருந்தேனாம். என்னிடம் இருந்த முந்நூற்றுச் சொச்சம் எண்களும், காணை அக்கா, திண்டிவனம் அண்ணி, மகள் மலர் உள்பட, அப்படியே போய்ச் சேர்ந்திருந்தன. பேச்சைக் கேட்காமலேயே யாருக்கு யார் வேண்டியவர் என்று அதற்குத் தெரியும். திண்டிவனத்துப் பெண்ணின் போனில், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று மலரின் படத்தை அது காட்டியிருக்கிறது. கோவிந்தசாமி என்ற பெயரைப் பார்த்ததும் அவளும் நம் சின்னத் தாத்தா பெயராயிற்றே என்று கண்டுகொண்டாள்.

முந்நூறு பேரில் ஒருவரையாவது நான் கேட்டேனா? இல்லை. தபால்காரன் உறையைப் பிரிக்கவே இல்லை, மேலே இருந்த விலாசங்களை வைத்தே குடும்ப மரம் போட்டுவிட்டான் என்று நினைத்தபோது, கோபத்தை மீறி அந்தப் புத்திசாலித்தனத்தை எனக்கு மெச்சத் தோன்றியது. ஆனால் நோயின் பெயர்? அது எந்த வழியாகத் திண்டிவனம் போயிற்று? கதிருக்குப் போன் போட்டேன்.

அவன் கொஞ்சம் தயங்கினான். "அம்மா போனக் காதுல வெச்சிக் கேக்காது மாமா. ஸ்பீக்கர்ல போட்டு மொகத்துக்கு முன்னால புடிச்சிக்கினுதான் கேக்கும்" என்றான்.

அன்று அக்கா விழுப்புரத்திலிருந்து காணைக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். என் குரல் வந்ததும் வழக்கம் போலப் போட்டிருக்கிறாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஒலியை முழுதாக ஏற்றியிருக்கிறாள். உள்ளே பதினோரு பேர். ஒரு விசேஷத்துக்காகக் காணைக்கு வந்துகொண்டிருந்த திண்டிவனம் அண்ணியும், அதாவது அந்தக் கல்லூரிப் பெண்ணின் அம்மாவும், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அழுதபோது ஆட்டோவில் இரண்டு பெண்கள் சேர்ந்து அழுதார்களாம். கடைசியில் "யாருகிட்டயும் சொல்லாதக்கா" என்று நான் சொன்னதும், முன் பின் தெரியாத ஒரு அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்க யாருகிட்டப்பா சொல்லப்போறோம்" என்று போனைப் பார்த்துச் சொன்னாராம்.

பெட்டியை யாரும் வழியில் உடைக்கவில்லை. நண்பன் சொன்ன மாதிரியே அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து, சரியான சாவிக்குத் திறந்திருக்கிறது. அது திறந்த இடம் ஒரு ஷேர் ஆட்டோ. தொண்ணூற்று மூன்றில் பூத்தின் கதவு திறந்திருப்பது எனக்குத் தெரியும், அதனால் நாக்கை அடக்கினேன். இப்போது பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் நாலு நிமிடம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, சொல்லாதே என்பதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன். கன்று ஓடிய பிறகு கயிற்றைத் தேடிய கதை.

"அம்மாவ எதுவும் கேக்காதீங்க மாமா" என்றான் கதிர். "வர்ற ஆடிக்கு மலர் பேர்ல கோயில்ல கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினு இருக்குது. அதுவரைக்கும் வெள்ளிக்கெழமையில உப்பு சேக்கறதில்ல."

நான் கேட்கவில்லை. உப்பில்லாமல் சாப்பிடுகிறவளிடம் என்னவென்று கேட்பது? மலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததையும் அக்காவிடம் சொல்லவில்லை.

8

போன மாதம் அந்தப் படிவம் வந்தது. பதினெட்டு முடிந்தவர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டியது, பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பக்கம்தான். தலைப்பைத் தமிழில் சொன்னால் "நம்பிக்கைக்குரிய நபர்" என்று வரும். அவளைப் பற்றி டாக்டர் யாரிடம் பேசலாம் என்று ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். மலர் முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் பழகிய கண் எட்டிப் பார்த்துவிட்டது. அவள் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள்.

வலித்தது. அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் முதல் பெயர் என்னுடையதுதான். படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில், இந்தப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று போட்டிருந்ததை மூன்று முறை படித்தேன். அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். நான் வராந்தாவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று மனைவியிடம் கேட்டேன். அவளையே கேளுங்கள் என்றாள். மலரைக் கேட்டேன். அப்புறம் சொல்றேன்பா என்றாள், கோபமில்லாமல்தான்.

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றுவதற்குள் அக்கா கூப்பிட்டாள். டாக்டரைப் பார்க்கிற நாள் அவளுக்குத் தெரியும், அன்று வெள்ளிக்கிழமை வேறு, கூழ் ஊற்றி முடித்த பிறகும் அவள் உப்பில்லாமல் சாப்பிடுகிற நாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. நல்லதா கெட்டதா, அதை மட்டுமாவது சொல், மறைக்காதே என்றாள். மறைக்கவில்லை, பதினெட்டு முடிந்துவிட்டதால் எனக்கும் சொல்ல மாட்டார்கள், யாருக்குச் சொல்லலாம் என்று மலர்தான் எழுதித் தர வேண்டும், அவள் அம்மா பெயரை எழுதியிருக்கிறாள் என்று விளக்கினேன்.

"பெத்த அப்பன் பேர எழுதாத அளவுக்கு அந்தப் பொண்ண நீ என்னடா பண்ண?" என்று கேட்டாள்.



"உன்கிட்ட சொன்னேன்கா."